வரேன் என்றொரு வினைமுற்று

'வருகிறேன்' என்பது தன்மை ஒருமை நிகழ்கால வினைமுற்று. விடைபெறும்போது 'போகிறேன்' என்பது அமங்கலமாகத் தொனிப்பதால், அதை விலக்கி 'வருகிறேன்' என்று சொல்வது மங்கல வழக்கு. இவ்வளவையும் இலக்கண ஆசிரியர்கள் ஒழுங்காகவே சொல்லித் தருகிறார்கள். சொல்லிவிட்டு, மணி அடித்ததும் 'வரேன்' என்று விடைபெற்றுக்கொள்கிறார்கள். ஆனால் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாழ்கிற ஊரில், ஒருத்தியின் ஞாயிற்றுக்கிழமை என்ன பாடுபடும் என்பதை எந்த ஆசிரியரும் பெலிண்டாவுக்கு எச்சரித்துச் சொன்னதில்லை.

பெலிண்டா பாலக்கரையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தாள். அரியமங்கலம் தொழிற்பேட்டையில், வால்வு செய்யும் நிறுவனம் ஒன்றில் சம்பளப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் ஜூட் பள்ளியில் கணித ஆசிரியர். கரும்பலகையில் எக்ஸ் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடக்கூடியவர். வீட்டில் தம் மூக்குக்கண்ணாடியையோ சாக்ஸையோ சீப்பையோ இதுவரை கண்டுபிடித்ததில்லை. மகள் ஜென்சி பிளஸ் டூ. அவளுக்குத் தேர்வு என்பதால் வீடே அவளுக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மூச்சை அடக்கியபடி சமைத்தது மட்டும் பெலிண்டா.

நிறுவனத்தில் நடந்த மருத்துவ முகாமில், அவளுடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்த மருத்துவர் கருவி பழுதென்று எண்ணி வேறொன்றை வரவழைத்தார். இரண்டாவது கருவியும் முதல் கருவியின் பக்கமே நின்றது. மாத்திரை எழுதித் தந்துவிட்டு, மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும் என்றும், வாரத்தில் ஒரு மத்தியானமாவது சும்மா படுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"சும்மான்னா எப்படிங்க டாக்டர்?" என்று பெலிண்டா கேட்டாள். அது கிண்டல் அன்று, ஐயம்.

"படுத்துக்கிட்டு, பருப்பு வெந்துச்சான்னு யோசிக்கக் கூடாது. அதான் சும்மா."

வரும் ஞாயிறு என்று முடிவாயிற்று. பூசை முடிந்து வந்ததும், மதியத்திலிருந்து மாலை வரை, உள்ளறைக் கட்டிலில், மின்விசிறிக்கு நேர் கீழே அவள் படுத்திருப்பாள். எவரும் எதற்கும் கூப்பிடக் கூடாது. ஜூட் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். அன்று போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடச் சொன்னார். அந்த ஒரு மத்தியானத்தைப் பெலிண்டா, பிள்ளைகள் கிறிஸ்துமஸை எதிர்பார்ப்பதைப் போல எதிர்பார்த்தாள்.

புதன்கிழமை மாலை மேலாளர் ஸ்தனிஸ்லாஸ் அவளைத் தம் அறைக்கு அழைத்தார். ஊழியர்களின் மன அழுத்தத்தைப் போக்குவதற்காக ஞாயிறன்று மதியம் முதல் ஸ்ரீரங்கத்தில் 'மன அமைதி முகாம்' நடக்கவிருப்பதாகவும், அம்மா மண்டபம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருப்பதாகவும், அனைவரும் வந்து ஓய்வெடுத்தே தீரவேண்டும் என்றும், ஓய்வெடுக்கத் தவறியவர்கள் திங்களன்று விளக்கம் எழுதித் தரவேண்டும் என்றும் அவர் விரிவாகச் சொன்னார். அமைதியைப் பற்றி அவர் பேசப் பேச, வெளியே ஊழியர் பேருந்து உறுமத் தொடங்கிவிட்டது. முடியாது என்று சொல்லவே பெலிண்டா வாயைத் திறந்தாள். ஆனால் அந்தச் சொல் அவள் தொண்டையில் எப்போதும் மீன் முள்ளைப் போலக் குறுக்கே நின்றுகொள்ளும். பேருந்தோ நகர ஆரம்பித்திருந்தது. "சரி சார், வரேன்" என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

அவள் சொன்னது புறப்பாட்டு 'வரேன்'. அவர் எடுத்துக்கொண்டது வருகை 'வரேன்'.

வெள்ளிக்கிழமை சத்திரம் பேருந்து நிலையத்தில் நாத்தனார் பிரான்சி எதிர்ப்பட்டாள். பிரான்சி ஜூட்டின் அக்கா, லால்குடியில் இருப்பவள். மாடியில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தாள். ஞாயிறன்று பங்குச் சாமியார் வந்து அறையை மந்திரித்து ஆசீர்வதிக்கப்போகிறார், ஊரையே விருந்துக்கு அழைத்திருக்கிறேன், நீ இல்லாமல் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்று அவள் பெலிண்டாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாலக்கரைப் பேருந்து பின்னால் வந்து நின்று, நின்றதை மறந்து புறப்படவும் செய்தது. "சரி அண்ணி, வரேன்" என்று முழங்கையை விடுவித்துக்கொண்டு பெலிண்டா தாவி ஏறினாள்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுச் சுராயா கைப்பிடிச் சுவரருகே நிறுத்தினாள். சுராயாவின் மகள் அல்ஷிஃபாவைப் பார்க்க ஞாயிறன்று புதுக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்; பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது; பேசுவதற்குத்தான் ஆளில்லை. உள்ளே பெலிண்டாவின் அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் பாலைக் காப்பாற்றப் போனாள். பால் பிழைத்தது.

சனிக்கிழமை முற்பகல், தான் என்ன செய்திருக்கிறோம் என்பதை அவள் அறிந்தாள். மேலாளர் அவளுடைய மேசைக்கே வந்து, முகாமில் வரவேற்புரை அவள்தான் என்று மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

"சார், நான் எப்ப வரேன்னு சொன்னேன்?"

"என் ரூம்லதான் சொன்னீங்க. சரின்னும் சொன்னீங்க, வரேன்னும் சொன்னீங்க. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னத்தக் கேக்கறது, பத்திரத்துலயா எழுதி வாங்கறது?"

மதிய உணவு நேரத்தில் பிரான்சி தொலைபேசியில் வந்தாள். ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை உரிப்பதற்காக எடுத்து வைத்திருப்பதாகவும், பெலிண்டாவின் கைதான் படவேண்டும் என்பதற்காக வேறு எவரையும் அதைத் தொட விடவில்லை என்றும், அதை ஒரு கௌரவத்தைப் போல அறிவித்தாள். அடுத்துச் சுராயாவின் குரல்பதிவு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எது கேட்டாலும் பெலிண்டாதான் பதில் சொல்ல வேண்டுமாம்; சுராயாவுக்கு வாய் குழறுமாம்; அல்ஷிஃபாவுக்குச் சமையல் தெரியும் என்பதைப் பெலிண்டா சொன்னால் நம்பும்படி இருக்குமாம்.

ஒரே மத்தியானத்தில் ஸ்ரீரங்கத்திலும் லால்குடியிலும் பாலக்கரையிலும் இருக்க வேண்டியவளானாள் பெலிண்டா. புனிதர்கள் சிலருக்கு இது கைகூடியதாகக் கேள்வி; அவர்களில் யாருக்கும் இரத்த அழுத்தம் இருந்ததாகத் தகவல் இல்லை.

டப்பாவை மூடிவிட்டு அவள் யோசித்தாள். 'முடியாது' என்பதைக் கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். 'மு' வந்தது, மிச்சம் வரவில்லை. பிறகுதான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. குற்றம் தன்னுடையது அன்று, சொல்லினுடையது. 'வரேன்' என்றதால்தானே வருவதாக நினைத்துக்கொண்டார்கள்? அப்படியானால் 'போறேன்' என்று சொல்லிவிட்டால் வரவில்லை என்பது விளங்கிவிடும் அல்லவா? எதிர்ச்சொல்லுக்கு எதிர்ப்பொருள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இலக்கணத்தில் இறங்கக் கூடாது என்பதை மருத்துவர் எழுதித்தர மறந்திருந்தார்.

மாலையில் வேலை முடிந்ததும் மேலாளரின் அறை வாசலில் போய் நின்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"சார், நான் போறேன்."

ஸ்தனிஸ்லாஸ் தம் வாழ்நாளில் அப்படியொரு விடைபெறலைக் கேட்டதில்லை. 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் அந்த அறையை விட்டுப் போனவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள் மட்டுமே. மாதக் கடைசி, ஊழியர் அத்தனை பேரின் சம்பளமும் அவள் கையில் என்பது மட்டும் அவர் முகத்தில் மெல்லப் பரவியது.

பேருந்தில் அமர்ந்து பிரான்சிக்குப் பேசினாள். வெங்காயத்தைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் போறேன் அண்ணி" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். லால்குடியில் பிரான்சி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. தன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஒருத்தி என்றைக்காவது ஒருநாள் இப்படிச் சொல்வாள் என்பதை அவள் நெடுநாளாக எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

காம்பவுண்டில் சுராயா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெலிண்டா அவளைக் கடக்கும்போது, "போறேன்க்கா" என்றாள்.

"எங்கடி போற, இப்பத்தான வர்ற?"

"போறேன்" என்று மறுபடியும் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டாள். இரத்த அழுத்தம், இரண்டு கருவிகள் என்ற விவரமெல்லாம் அறிந்திருந்த சுராயா, முறத்தைக் கீழே வைத்துவிட்டு இறைவனை அழைத்தாள்.

அதன்பிறகு மூவரில் ஒருவரும் அவளை வற்புறுத்தவில்லை; ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. அச்சத்தால் விளைந்த அமைதியைச் சம்மதத்தால் விளைந்த அமைதி என்று பெலிண்டா எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம், பூசை முடிந்து வந்து, குழம்பை மூடி வைத்துவிட்டு அவள் கட்டிலில் படுத்தாள். மின்விசிறி சுழன்றது. பருப்பைப் பற்றி நினைக்கவில்லை. உடம்பின் ஒவ்வோர் எலும்பும் மெத்தையைத் தனித்தனியே விசாரித்துக்கொண்டு அடங்கிற்று. அப்போது அழைப்பு மணி அடித்தது.

ஜூட் கதவைத் திறந்தார். மேலாளர் ஸ்தனிஸ்லாஸ், கையில் ஆப்பிள் பையோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் முகாமுக்குப் புறப்பட்ட வேன் நின்றது. அதிலிருந்து சம்பளப் பிரிவு, கொள்முதல் பிரிவு, கிடங்குப் பிரிவு என்று வரிசையாக இறங்கினார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள், ஓர் ஆட்டோவிலிருந்து பிரான்சி வெங்காய மூட்டையோடு இறங்கினாள். மந்திரிப்பை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளி வைத்துவிட்டாளாம். மூட்டையை விட்டு வந்தால் முளைத்துவிடும் என்பதால் கொண்டுவந்தாளாம். பக்கத்து வீட்டிலிருந்து சுராயா, பிரியாணி தேக்சாவின் ஒரு காதைத் தானும் மறு காதை அல்ஷிஃபாவும் பிடித்தபடி வந்து சேர்ந்தாள்.

ஒவ்வொருவரும் நுழைந்ததும் மற்றவர்களைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள், அவள் ஓய்வெடுக்கட்டும் என்றார். இந்த வேண்டுகோள் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கேட்கும்படி சொல்லப்பட்டது. பெலிண்டா எழுந்து வந்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் வைக்கவேண்டுமே என்று சமையலறைக்குப் போனாள். அவள் நகர்ந்ததும் கூடத்தில் குரல்கள் தாழ்ந்தன.

"அவங்க போகக் கூடாது சார். மாசக் கடைசி" என்றார் மேலாளர், ஜூட்டிடம்.

"போகவே கூடாது" என்றாள் பிரான்சி. "ஆனா தப்பு எங்க தம்பி மேலதான். பொண்டாட்டி போறேன்னு சொல்ற அளவுக்கு விட்டுட்டான்."

"அவ போற வயசா இது?" என்று சுராயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அல்லாஹ் ஆயுசக் குடுக்கட்டும். போன வாரம்கூட நல்லாத்தான் இருந்தா."

தம் மனைவி வேலையை விட்டும், வீட்டை விட்டும், உலகத்தை விட்டும் ஒரே சமயத்தில் போகவிருக்கிறாள் என்பதை ஜூட் அப்போதுதான் அறிந்தார். அவர் கணித ஆசிரியர், மூன்றையும் கூட்டிப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் சாக்ஸைத் தாமே தேடிக்கொள்வதாக, எல்லாருக்கும் முன்னால், தழுதழுத்த குரலில் உறுதியளித்தார். அது போதாது என்றாள் பிரான்சி. சீப்பையும் சேர்த்துக்கொண்டார்.

இதற்கிடையில், பெண் பார்க்க வந்த புதுக்கோட்டைக்காரர்கள் சுராயாவின் வீடு பூட்டியிருக்கக் கண்டு, கூட்டம் கூடிய வீடுதான் பெண் வீடு என்று தீர்மானித்து, பழத் தட்டுகளோடு பெலிண்டாவின் வீட்டுக்குள் வந்து அமர்ந்தார்கள். மேலாளரைப் பெண்ணின் மாமா என்று கருதி அவருக்கு ஸலாம் சொன்னார்கள். அவர் அதை 'லால் சலாம்' என்று கேட்டு, தொழிற்சங்க விவகாரம் என்று கருதிப் பதில் வணக்கம் தெரிவித்தார். மாப்பிள்ளையின் தாய், பெண்ணுக்கு என்னென்ன தெரியும் என்று அவரிடம் கேட்டார். சம்பளப் பட்டியல் முழுவதையும் தனியாகவே முடித்துவிடுவார், கணினியில் தங்கமான கை, இவரை இழந்தால் நாங்கள் நடுத்தெருவில்தான் என்று ஸ்தனிஸ்லாஸ் நெஞ்சுருகச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்க்குப் பரம திருப்தி.

சமையலறையில் பெலிண்டா தேநீரை இறக்கிவிட்டு, பிரியாணி பரிமாறச் சாதக் கரண்டியைக் கையில் எடுத்திருந்தாள். கூடத்திலிருந்து பிரான்சியின் குரல் வந்தது.

"பெலிண்டா, வேலையெல்லாம் போதும்மா. இங்க வந்து உக்காரு. நீ ரெஸ்ட் எடுக்கறத நாங்க பாக்கணும்."

பெலிண்டா கூடத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு பின்கதவின் பக்கம் திரும்பினாள். பின்கதவுக்கு அப்பால் சந்து. சந்துக்கு அப்பால் சாலை. இத்தனை நாள் தன்னைக் காட்டிக் கொடுத்த சொல், இப்போது வாலைக் குழைத்துக்கொண்டு தன் காலடியில் நிற்பதை அவள் கண்டாள்.

"வரேன் அண்ணி" என்றாள். பின்கதவு வழியாக வெளியேறினாள்.

கூடம் நிம்மதியடைந்தது. வருகிறாளாம்.

பாலக்கரை நிறுத்தத்தில் ஸ்ரீரங்கம் பேருந்து வந்து நின்றபோதுதான் கைப்பையை எடுத்து வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இடுப்பில் தொலைபேசி இருந்தது. கையில் கரண்டி இருந்தது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஏற்பாட்டை அன்றைக்குத்தான் அவள் முழு மனத்தோடு வாழ்த்தினாள். நடத்துநர் இலவசச் சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டு, கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னம்மா, கோயில் அன்னதானத்துக்கா?"

"ஆமாங்க" என்றாள். பொய்தான். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம். பாலத்தின் மேல் பேருந்து ஏறியதும் காவிரிக் காற்று முகத்தில் அடித்தது; கரண்டியை மடியில் கிடத்திக்கொண்டாள்.

எங்கே போவது என்பதில் அவளுக்கு ஐயமே இருக்கவில்லை. ஓய்வெடுக்க விரிக்கப்பட்ட பாய்கள் ஒரு மண்டபம் நிறைய ஸ்ரீரங்கத்தில் காத்திருக்கின்றன. அவற்றில் படுக்கவேண்டியவர்கள் அத்தனை பேரும் அவளுடைய வீட்டில் இருக்கிறார்கள்.

அம்மா மண்டபம் சாலைக் கல்யாண மண்டபத்தில் பாய்கள் வரிசை பிசகாமல் விரிந்திருந்தன. மேலே மின்விசிறிகள் ஆளில்லாமல் சுழன்றன. பயிற்சியாளர் வேங்கடவரதன், நெற்றியில் திருமண் துலங்க, ஒலிபெருக்கியின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். ஸ்ரீரங்கத்தார், பேச்சும் அந்த வீதிகளுக்கே உரியது.

"வாங்கோ, வாங்கோ. ஒருத்தராவது எழுந்தருளினேளே. பாக்கிப் பேரெல்லாம் எங்கே?"

"எங்க வீட்டுல இருக்காங்க."

"ஆத்துல ஏதாவது விசேஷமா?"

"நான் ரெஸ்ட் எடுக்கறேன்னு பாக்க வந்திருக்காங்க."

வேங்கடவரதன் அதைச் சற்றே சிந்தித்தார்; கரண்டியைப் பற்றியும் சிந்தித்தார்; இரண்டையும் கேட்காமல் விட்டார். முதலில் ஒரு சிற்றுரை என்றும், பிறருடைய வற்புறுத்தலை மறுப்பது எப்படி என்பது அதன் பொருள் என்றும், இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவதாகவும் சொல்லி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"வேண்டாங்க" என்றாள் பெலிண்டா. "பேச்செல்லாம் வேண்டாம். நான் படுக்கணும்."

சொன்ன பிறகு அவளே திகைத்து நின்றாள். முள் எங்கே போயிற்று என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வேங்கடவரதனின் முகம் மலர்ந்தது. "பேஷ். அடியேன் ரெண்டு மணி நேரம் சொல்லவேண்டியதை வாசப்படியிலேயே முடிச்சுட்டேளே. போய்ப் படுத்துக்கோங்கோ."

அவள் நடுவரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பாயைத் தேர்ந்துகொண்டாள். கரண்டியைத் தலைமாட்டில் வைத்தாள். கண்ணை மூடினாள். சிறிது நேரத்தில் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து ஒரு குறட்டை எழுந்தது. இந்த ஞாயிறு முகாமுக்கு ஒப்புக்கொண்டிருக்கவே கூடாது என்று காலையிலிருந்து நொந்துகொண்டிருந்த பயிற்சியாளரும் ஒரு பாயில் சவாசனத்தில் இறங்கியிருந்தார். அந்தக் குறட்டை அவளை உறுத்தவில்லை. அதற்குச் சாக்ஸ் தேவைப்படவில்லை.

வெயில் சன்னலிலிருந்து சுவருக்கு ஏறிய வேளையில் தொலைபேசி அதிர்ந்தது. ஜூட்.

கூடத்தில் எல்லாரும் அவளுக்காகவே காத்திருப்பதாக அவர் சொன்னார். காத்திருக்கும் நேரத்தில் புதுக்கோட்டைக்காரர்களும் கிடங்குப் பிரிவினரும் சேர்ந்து வெங்காய மூட்டையை உரித்து முடித்துவிட்டார்களாம். கூடத்தில் அழாதவர் ஒருவரும் இல்லையாம். அந்தக் கண்ணீரைப் பார்த்து நெகிழ்ந்துபோய், இவ்வளவு பாசமான குடும்பம் வேறெங்கே கிடைக்கும் என்று மாப்பிள்ளையின் தாய் சம்மதம் சொல்லிவிட்டாராம். அல்ஷிஃபாவுக்கும் பிடித்திருக்கிறதாம். இப்போது பசிதான் பெரிய பிரச்சினையாம்.

"நான் எல்லா எடத்துலயும் தேடிட்டேன் பெலிண்டா. நீ சொல்லாமலே தேடினேன். சாதக் கரண்டி மட்டும் கெடைக்கல. எங்க வச்ச?"

பெலிண்டா தலையை ஒருக்களித்துப் பார்த்தாள். கரண்டி பத்திரமாக, பளபளவென்று, தலைமாட்டில் கிடந்தது.

"நீ எங்க இருக்க? வரேன்னுதான சொன்ன?" என்றார் ஜூட்.

"ஆமாங்க" என்றாள். "வரேன்."

தொலைபேசியைக் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.